டிஸ்னி வேர்ல்ட் டீலக்ஸ் ரிசார்ட்: 6 பேர், 5 ராத்திரி. செலவை எங்கே குறைக்கலாம்?

எடிசன்வாசகி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் கடைசி வாரம் ஒர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேர், 11 வயதுப் பையன், 4 வயதுப் பெண், கோயம்புத்தூரிலிருந்து வரப்போகும் அப்பா அம்மா, ஆக மொத்தம் 6 பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் பூங்காவுக்கு வெளியே எங்கோ தங்கித் தினமும் அலைய முடியாது. டிஸ்னியின் டீலக்ஸ் ரிசார்ட்டில்தான் தங்க வேண்டும் என்று முடிவு. ஆனால் டிஸ்னி தளத்தில் இரண்டு படுக்கையறை வில்லாவுக்குக் காட்டும் விலை எங்கள் பட்ஜெட்டைத் தாண்டி எங்கோ நிற்கிறது. இரண்டு சாதாரண அறை எடுத்தாலும் பெரிதாகக் குறையவில்லை.

ரிசார்ட்டின் தரத்தைக் குறைக்காமல் செலவை எங்கே குறைக்க முடியும்? அறையிலா, டிக்கெட்டிலா, சாப்பாட்டிலா? வீட்டில் எல்லாரும் சைவம்.

---

பாயிண்ட்பாண்டி:

முதலில் அறையைப் பாருங்கள். உங்கள் மொத்தச் செலவில் பெரிய துண்டு அதுதான், அதிகம் குறையக்கூடியதும் அதுதான். டிக்கெட்டில் எவ்வளவு தேடினாலும் ஆளுக்குக் கொஞ்சம் டாலர்தான் மிஞ்சும்.

டீலக்ஸ் வில்லாவைப் பாதி விலைக்குப் பக்கத்தில் பிடிக்க ஒரே வழி டிஸ்னி வெக்கேஷன் கிளப், அதாவது டிவிசியின் பாயிண்ட் வாடகை. இந்த கிளப் 1991 முதல் நடக்கிறது. அதன் உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு பாயிண்ட் வரும், அதை வைத்து அறை எடுப்பார்கள். அந்த ஆண்டு போக முடியாதவர் தன் பாயிண்டில் உங்கள் பெயருக்கு அறை எடுத்துத் தருவார், நீங்கள் பாயிண்டுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கொடுப்பீர்கள். இடைத்தரகு நிறுவனங்கள் வழியாகப் போனால் ஒரு பாயிண்ட் ஏறக்குறைய 20 டாலர், ரிசார்ட்டையும் நாளையும் பொறுத்து முன்னே பின்னே. நேரடியாக உறுப்பினரிடம் வாங்கினால் கொஞ்சம் குறையும், ஆனால் சரிபார்க்கும் வேலை உங்கள் தலையில்.

புரிவதற்காக ஒரு கணக்கு. வில்லாவுக்கு ராத்திரிக்கு 34 பாயிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ராத்திரிக்கு 170. பாயிண்டுக்கு 21 டாலர் போட்டால் 3570. அதே வில்லா டிஸ்னி தளத்தில் ராத்திரிக்கு 1200 என்றால் 5 ராத்திரி 6000, அதன்மேல் ஆரஞ்சு கவுண்டியின் 12.5 சதவீத அறை வரி சேர்ந்து 6750. டிஸ்னி 25 சதவீதத் தள்ளுபடி விட்டால்கூட வரியோடு 5062 வரும். பாயிண்ட் வாடகையில் பேசிய விலைக்கு மேல் வரி என்று தனியாக எதுவும் ஏறாது. பலர் இந்த 12.5 சதவீதத்தை மறந்துவிட்டு ஒப்பிடுகிறார்கள்.

பாயிண்ட் அட்டவணையில் வெள்ளி, சனி ராத்திரிகளுக்கு அதிக பாயிண்ட். ஞாயிற்றுக்கிழமை போய் வெள்ளிக்கிழமை கிளம்பினால் 5 ராத்திரியும் குறைந்த விலை. உங்கள் 5 ராத்திரித் திட்டத்துக்கு இது சரியாகப் பொருந்துகிறது.

அறை வகை பற்றி: ஒரு படுக்கையறை வில்லா ஏறக்குறைய இரண்டு ஸ்டுடியோ அளவு பாயிண்ட் கேட்கும். இரண்டு படுக்கையறை அதற்கும் மேலே. ஆகவே மலிவானது இரண்டு ஸ்டுடியோ. ஆனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறையாகக் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை, கோரிக்கையாகத்தான் வைக்க முடியும். ஸ்டுடியோவில் மைக்ரோவேவும் சின்ன ஃப்ரிட்ஜும் மட்டும். ஒரு படுக்கையறை முதல்தான் அடுப்போடு முழு சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், உலர்த்தி எல்லாம் வரும். சைவம், வயதானவர்கள், 4 வயதுக் குழந்தை மூன்றும் சேர்ந்த குடும்பத்துக்கு என் தேர்வு அனிமல் கிங்டம் லாட்ஜில் கிடானி வில்லேஜ் இரண்டு படுக்கையறை. 9 பேர் தங்கலாம், குளியலறை மூன்று இருக்கிறது. ஸ்டாண்டர்ட் வியூ கேளுங்கள், விலங்குகள் மேயும் புல்வெளியைப் பார்த்த சவானா வியூவுக்குப் பாயிண்ட் ஏறும். ஒட்டகச்சிவிங்கியைப் பொதுப் பார்வை மேடைகளிலிருந்து எல்லா விருந்தினரும் காசில்லாமல் பார்க்கலாம்.

நேரம் முக்கியம். ஒரு ரிசார்ட்டைச் சொந்த ரிசார்ட்டாக வைத்திருக்கும் உறுப்பினர் 11 மாதம் முன்பே அங்கே அறை எடுக்கலாம். மற்ற டிவிசி உறுப்பினர்களுக்கு 7 மாதத்தில்தான் திறக்கும். உங்களுக்கு 8 மாதம் இருப்பதால், இப்போதே அனிமல் கிங்டமைச் சொந்த ரிசார்ட்டாக வைத்திருப்பவரைத் தேடுங்கள். 7 மாதம் வரை காத்திருந்தால் ஸ்டாண்டர்ட் வியூ போன்ற மலிவு வகைகள்தான் முதலில் தீரும்.

---

எடிசன்வாசகி:

மிக்க நன்றி பாண்டி சார். ஆனால் அப்பா அம்மாவின் விசா, உடல்நிலை என்று நிச்சயமில்லாத விஷயங்கள் இருக்கின்றன. ரத்து செய்தால் பணம் திரும்புமா? முன்பின் தெரியாத உறுப்பினருக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பவும் பயமாக இருக்கிறது.

---

பாயிண்ட்பாண்டி:

பயப்பட வேண்டிய இடமே அதுதான். பாயிண்ட் வாடகையில் பொதுவாக ரத்துக்குப் பணம் திரும்பாது. காரணம் எளிது: பாயிண்டுக்குக் காலாவதி உண்டு. ரத்து செய்யும்போது உறுப்பினர் அதை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்கும் கெடு தாண்டியிருந்தால் அவருக்கும் நஷ்டம். அதனால் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். இன்று டிஸ்னியிலேயே நேரடியாக அறை மட்டும் புக் செய்யுங்கள், டிக்கெட்டோடு சேர்ந்த பேக்கேஜ் வேண்டாம். அறைக்கு மட்டும் என்றால் முன்பணம் ஒரு ராத்திரி வாடகை, வருகைக்கு 5 நாள் முன்பு வரை ரத்து செய்தால் முழுசாகத் திரும்பும். பேக்கேஜுக்கு 200 டாலர் முன்பணம், அதில் 30 நாளுக்கு முன் ரத்து செய்தால்தான் இழப்பில்லை. அறையைக் கையில் வைத்துக்கொண்டு விசா முடிவுக்குக் காத்திருங்கள். நிச்சயமானதும் பாயிண்ட் வாடகை பார்த்து, உறுதிச்சீட்டு கைக்கு வந்த பிறகு நேரடி அறையை ரத்து செய்யுங்கள். முன்னதாக ரத்து செய்யாதீர்கள். இப்படிக் காத்திருந்தால் மேலே சொன்ன ஸ்டாண்டர்ட் வியூ கை நழுவலாம். உங்கள் நிலைமையில் அந்தச் சில நூறு டாலரை விட, பணம் திரும்பும் வசதிதான் பெரிது.

உறுப்பினரிடம் நேரடியாக வாங்கினால் கட்டாயம் பார்க்க வேண்டியவை: தேதி, அறை வகை, 6 பேரின் பெயர், தொகை எல்லாம் எழுதிய ஒப்பந்தம். பாதிப் பணம் முன்னே, மீதி உறுதி எண் வந்த பிறகு. அந்த எண்ணை மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் ஆப்பில் நீங்களே இணைத்துப் பாருங்கள். தேதியும் ரிசார்ட்டும் அறை வகையும் அதில் தெரிந்தால்தான் மீதிப் பணம். உறுப்பினர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள், அதைத் திருத்துவது சுலபம். ஸெல் (Zelle) செயலியில் அனுப்புவதோ, பேபாலில் நண்பருக்கு அனுப்பும் வகையோ வேண்டாம், இரண்டிலும் வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லை. பேபாலில் பொருள், சேவைக்கான வகையில் அனுப்புங்கள், அதையும் கிரெடிட் கார்டிலிருந்து.

இவ்வளவு செய்தாலும் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கிறது. புக்கிங் கடைசி வரை உறுப்பினரின் கட்டுப்பாட்டில்தான். அவர் நினைத்தால் ரத்து செய்ய முடியும், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தக்கூட அவர்தான் டிஸ்னியைக் கூப்பிட வேண்டும். வணிகமாகத் தொடர்ந்து வாடகைக்கு விடுவதை உறுப்பினர் ஒப்பந்தம் தடுக்கிறது, ஆகவே ஒரே ஆள் பத்துப் பதினைந்து தேதிகளை வைத்துக்கொண்டு விற்பதைப் பார்த்தால் ஒதுங்கிவிடுங்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நல்ல பெயருள்ள இடைத்தரகுதான் சரி. பாயிண்டுக்கு இரண்டு மூன்று டாலர் கூடுதல் போகட்டும்.

இன்னொன்று, வில்லாவில் தினசரி சுத்தம் செய்ய ஆள் வர மாட்டார். உங்கள் 5 ராத்திரியில் 4ஆம் நாள் குப்பை எடுத்து டவல் மாற்றுவார்கள், அவ்வளவுதான்.

---

கிசிமிக்காரர்:

எடிசன் சகோதரிக்கு, தேதி அருமையான தேதி. ஃப்ளோரிடாவில் பள்ளிக்கூடம் ஆகஸ்ட் 10 வாக்கிலேயே திறந்துடும். உங்க நியூஜெர்சியில பெரும்பாலும் செப்டம்பர் முதல் திங்கள்ல வர்ற லேபர் டேக்கு அப்புறம்தான். அந்த இடைவெளியில உள்ளூர்க் கூட்டமும் இல்லை, தெற்கு மாநிலக் கூட்டமும் இல்லை. அறை விலை, டிக்கெட் விலை ரெண்டுமே ஆண்டின் அடிமட்டத்துக்குப் பக்கம். நியூஜெர்சிக்காரங்க நவம்பர் முதல் வாரத்துல ஆசிரியர் மாநாட்டு விடுமுறைக்கு இங்க குவிவாங்க. அதுக்கு ஜெர்சி வீக்னே இங்க பேரு. அந்த வாரத்தைத் தவிர்த்தது நல்லது.

குறை என்னன்னா வெயில், சாயங்கால இடி மழை, சூறாவளி. சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர் நடுவுல. டிஸ்னியிலயே நேரடியா எடுத்திருந்தா, நீங்க வர்றதுக்கு 7 நாளுக்குள்ள ஒர்லாண்டோவுக்கோ உங்க ஊருக்கோ தேசிய சூறாவளி மையம் ஹரிக்கேன் எச்சரிக்கை விட்டா, டிஸ்னி தன் ரத்துக் கட்டணத்தை விட்டுடும். பாயிண்ட் வாடகையில உங்க ஒப்பந்தம் உறுப்பினரோடயோ தரகரோடயோதான், இந்தச் சலுகையை நம்ப முடியாது. அதனால பயணக் காப்பீடு எடுங்க. அதையும் புயலுக்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே எடுக்கணும். பேர் வெச்ச பிறகு வாங்கின பாலிசி அந்தப் புயலை ஏத்துக்காது. காப்பீட்டுல ஏற்கெனவே உள்ள நோய் பத்தின விதியையும் படிங்க. அப்பா அம்மா வயசுக்கு அதுதான் இடிக்கும். பல பாலிசிகள்ல முதல் முன்பணம் கட்டின சில நாளுக்குள்ள வாங்கினாத்தான் அதுக்கு விலக்கு கிடைக்கும்.

விமான நிலையத்திலிருந்து முன்னாடி இருந்த இலவச மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் பஸ் 2022ல் நின்னுபோச்சு. 6 பேர், பெட்டிகளோட ஒரு பெரிய ஊபர்தான் சரி. ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்குற ஷட்டில் பஸ்ஸை விட மொத்தத்துல மலிவா வரும். 4 வயசுப் பொண்ணுக்கு பூஸ்டர் சீட் கையோட கொண்டு வாங்க, இங்க சட்டப்படி 5 வயசு வரைக்கும் வேணும். விமானத்துல அதுக்குத் தனிக் காசு வாங்க மாட்டாங்க. வாடகைக் கார் எடுக்காதீங்க. உள்ளே பஸ், மோனோரயில், படகு, ஸ்கைலைனர்ங்கிற கேபிள் கார் எல்லாம் இலவசம். ஆனா அனிமல் கிங்டம் லாட்ஜுக்கு பஸ் மட்டும்தான், மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு நேரம் பிடிக்கும். அம்மாவுக்கு நடை குறையணும்னா பே லேக் டவர், பாலினேசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன் மாதிரி மோனோரயில் ரிசார்ட்டுகளையும் ஒப்பிட்டுப் பாருங்க. பாயிண்ட் கூடும், ஆனா பே லேக் டவர்ல இருந்து மேஜிக் கிங்டத்துக்கு நடந்தே போயிடலாம்.

சக்கர நாற்காலி: பூங்காவுக்குள்ள எடுக்கிறதை வாசலுக்கு வெளிய கொண்டுபோக முடியாது. பஸ் நிறுத்தத்துல இருந்து வாசல் வரைக்குமே நல்ல தூரம் இருக்கு. முழுப் பயணத்துக்கும் வெளிக் கம்பெனியில வாடகைக்கு எடுத்து ரிசார்ட்டுக்கு வரவழைங்க. 3 நாளுக்கு மேலன்னா செலவும் அதுலதான் குறைவு.

---

ராலே அக்கா:

டிக்கெட் பத்தி யாரும் இன்னும் விரிவா சொல்லலை.

6 பேருக்கும் ஒரே அளவு டிக்கெட் வாங்காதீங்கம்மா. இங்கதான் நிறையப் பேர் காசை வீணாக்குறாங்க. நீங்க நாலு பேரும் 4 நாள் டிக்கெட் எடுங்க, அப்பா அம்மாவுக்கு 2 நாள் போதும். மீதி நாள் அவங்க ரிசார்ட்டுல விலங்குகளைப் பார்க்கட்டும், சாயங்காலம் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிக்குப் போகட்டும், அதுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 4 நாள் டிக்கெட்டை 7 நாளுக்குள்ளயும், 2 நாள் டிக்கெட்டை 4 நாளுக்குள்ளயும் பயன்படுத்தணும். ஒருத்தர் டிக்கெட்டை இன்னொருத்தர் பயன்படுத்த முடியாது. அதனால பாதி உபயோகிச்ச டிக்கெட்டுன்னு யாராவது விற்க வந்தா வாங்கவே வாங்காதீங்க.

டிஸ்னிக் கணக்குல 10 வயசு ஆனா பெரியவர். உங்க பையனுக்குப் பெரியவர் விலைதான், பஃபேயிலயும் அப்படித்தான். பொண்ணுக்கு 3 முதல் 9 வரை உள்ள குழந்தை விலை. பார்க் ஹாப்பர் வேண்டாம். முழங்கால் வலியோட ஒரே நாள்ல ரெண்டு பூங்கா யாருக்கும் ஆகாது. அங்கீகாரம் உள்ள மறுவிற்பனையாளர்கிட்ட பல நாள் டிக்கெட் கொஞ்சம் குறையும். பாயிண்ட் வாடகையில அறையும் டிக்கெட்டும் தனித்தனின்னு ஆனதால இது சுலபம்.

லைட்னிங் லேன், அதாவது காசு கட்டி நீண்ட வரிசையைத் தாண்டிப் போற வழி, ஆளுக்கு ஆள் வாங்குறது, எல்லாருக்கும் வாங்கணும்னு கட்டாயமில்லை. வாங்குறதுக்கு முன்னாடி பொண்ணோட உயரத்தை அளந்துடுங்க. ரைடு ஏறக் குறைஞ்சபட்ச உயரம் இது: ஸ்லிங்கி டாக், செவன் ட்வார்ஃப்ஸ் 38 அங்குலம். ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ் 40. கார்டியன்ஸ் 42. ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் 44. ட்ரான் 48. அவ ஏற முடியாத ரைடுக்கு அவ பேர்ல காசு கட்டாதீங்க. அதுக்கு ரைடர் ஸ்விட்ச் இருக்கு, இலவசம்: ஒருத்தர் பையனோட போக, இன்னொருத்தர் குழந்தையோட வெளிய நிக்கணும், அவங்க வந்ததும் மறுபடி வரிசையில நிக்காம இவர் போகலாம். வாசல்ல இருக்கிற ஊழியர்கிட்ட முதல்லயே சொல்லணும், ரைடு முடிச்சு வந்து கேட்டா ஆகாது.

டிஸ்னி ரிசார்ட்டுல தங்குறவங்க வருகைக்கு 7 நாள் முன்னாடி காலை 7 மணிக்கே, தங்கும் நாள் முழுசுக்கும் சேர்த்து லைட்னிங் லேன் எடுக்கலாம். மத்தவங்களுக்கு 3 நாள்தான். பாயிண்ட் வாடகைக்கும் இது உண்டு, ஆனா உறுதி எண்ணை ஆப்ல இணைச்சிருக்கணும். தினமும் எல்லாப் பூங்காவுலயும் அரை மணி நேரம் முன்னாடி உள்ள விடுவாங்க. சில ராத்திரிகள்ல டீலக்ஸ்காரங்களுக்கு மட்டும் கூடுதல் நேரம் உண்டு, வில்லாவும் அதுல சேர்த்தி. ஆகஸ்ட் கடைசியில இந்த ரெண்டையும் ஒழுங்காப் பயன்படுத்தினா மேஜிக் கிங்டத்துக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் மட்டும் லைட்னிங் லேன் வாங்கினாப் போதும். அனிமல் கிங்டத்துக்கும் எப்காட்டுக்கும் தேவைப்படாது.

சாப்பாடு: வெளிச் சாப்பாடு உள்ள கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் கூடாது. தயிர் சாதம், சப்பாத்தி, புளியோதரை எல்லாம் தாராளமா எடுத்துட்டுப் போகலாம். உதிரி ஐஸ் கட்டி போட்டு எடுத்தா வாசல்ல நிறுத்திடுவாங்க, ஜெல் பேக் வைங்க. குடிக்கத் தண்ணி காசு கொடுத்து வாங்க வேண்டாம், பானம் ஊத்துற எந்த கவுண்டர்லயும் ஐஸ் தண்ணி கேட்டாத் தருவாங்க. வில்லாவுல பாத்திரம் எல்லாம் இருக்கும், பிரஷர் குக்கர் இருக்காது. முதல் நாளே மளிகையை டெலிவரி பண்ண வைங்க. ரிசார்ட்டுல வாங்கி வைக்கச் சொன்னா சின்னக் கட்டணம் போடுவாங்க, வண்டிக்காரர் வரும்போது நீங்களே லாபியில நின்னு வாங்கிட்டா அது இல்லை.

ஒரு வேளை மட்டும் நல்லா உட்கார்ந்து சாப்பிடுங்க. கிடானியிலயே இருக்கிற சனாங்கிற உணவகத்துல விதவிதமான நான் ரொட்டியும் தொட்டுக்க ஒன்பது வகை சட்னி, ஊறுகாய், தயிர்ப்பச்சடியும் வர்ற பிரெட் சர்வீஸ் உண்டு, நிறையப் பேர் பகிர்ந்து சாப்பிடலாம்.  இடம் 60 நாள் முன்னாடி திறக்கும்போதே பிடிக்கணும். மெனுவுல பச்சை இலைக் குறி இருந்தா பால், முட்டை, மாமிசம் எதுவும் கிடையாதுன்னு அர்த்தம்.

---

ஹோட்டல்ரசிகன்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் மேரியட் பான்வாய் அல்லது ஹில்டன் ஹோட்டல்களின் வாடிக்கையாளர் புள்ளிகள் கையில் இருந்தால் டிவிசி பக்கமே போக வேண்டாம். ஸ்வான், டால்பின், ஸ்வான் ரிசர்வ் மூன்றும் டிஸ்னி நிலத்தில் மேரியட் நடத்துபவை. எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் நடந்தோ படகிலோ போகலாம். காலை அரை மணி முன் நுழைவும் கூடுதல் ராத்திரி நேரமும் இவற்றுக்கும் உண்டு. மேரியட் புள்ளிகளில் 5 ராத்திரி எடுத்தால் 4 ராத்திரிக்குத்தான் புள்ளி கழியும், உங்கள் பயணத்துக்குக் கனகச்சிதம். எல்லாவற்றிலும் முக்கியமாக, ரத்து செய்தால் புள்ளிகள் திரும்ப வரும். அதற்கான கெடுவை மட்டும் புக் செய்யும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியது ரிசார்ட் கட்டணம். மேரியட்டில் புள்ளிகளில் தங்கினாலும் அதைத் தினமும் வசூலிப்பார்கள், இரண்டு அறை என்றால் இரண்டு மடங்கு. ஹில்டனில் முழுக்கப் புள்ளிகளில் தங்கினால் அந்தக் கட்டணம் இல்லை. டிஸ்னி வேர்ல்டை ஒட்டிய பானட் க்ரீக்கில் இருக்கும் சிக்னியாவும் வால்டார்ஃப் அஸ்டோரியாவும் ஹில்டன் குடும்பம். அங்கே காலை முன் நுழைவு உண்டு, ராத்திரிக் கூடுதல் நேரம் இல்லை. சமையலறை இந்த ஹோட்டல் அறைகளில் கிடையாது, அது உங்கள் வீட்டுக்குப் பெரிய குறைதான்.

டிஸ்னிக்கு நேரடியாகக் கட்டும் தொகைக்கு இன்னொரு வழி: டார்கெட் கடையின் சொந்த அட்டையில் டிஸ்னி கிஃப்ட் கார்டு வாங்கினால் 5 சதவீதம் குறையும். டிக்கெட், லைட்னிங் லேன், ரிசார்ட்டில் சாப்பாடு எல்லாவற்றுக்கும் அது செல்லும். ஒரு கார்டில் 1000 டாலர் வரை சேர்த்துக்கொள்ளலாம். செலவழித்த கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். ரத்து செய்தால் பணம் அதே கார்டுக்குத்தான் திரும்பும், கார்டு இல்லையென்றால் மாதக்கணக்கில் ஃபோனில் போராட வேண்டியிருக்கும். பாயிண்ட் வாடகைக்கு இது செல்லாது.

---

எடிசன்வாசகி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று அறை மட்டும் நேரடியாக எடுத்துவிடுகிறேன், விசா வந்த பிறகு கிடானி இரண்டு படுக்கையறைக்குப் பாயிண்ட் தேடுகிறேன். ஒரே சந்தேகம்: வாடகைக்கு வாங்கிய அறைக்கும் சனாவில் 60 நாள் முன்பே எங்களால் இடம் பிடிக்க முடியுமா, இல்லை அதையும் உறுப்பினர்தான் செய்ய வேண்டுமா?

---

ராலே அக்கா:

நீங்களே பிடிக்கலாம்மா. எண்ணை ஆப்ல இணைச்சிட்டா, வருகை நாளுக்கு 60 நாள் முன்னாடி அந்த 5 நாளுக்கும் சேர்த்து ஒரே நேரத்துல திறக்கும். காலை 6 மணிக்கு உட்காருங்க. 6 பேருக்கு ஒரே மேசை கிடைக்கலைன்னா 4, 2ன்னு பிரிச்சு அடுத்தடுத்த நேரத்துல எடுத்து வைங்க, அங்க போனதும் சேர்த்து உட்கார வைக்க முடியுமான்னு கேளுங்க. வேண்டாம்னா முன்கூட்டியே ரத்து பண்ணிடுங்க. கடைசி நேரத்துல விட்டுட்டா ஆளுக்கு 10 டாலர் கழிச்சுடுவாங்க.